தன்னாமுனையில் ஏறிய கோடு

எங்கள் விற்பனையாளர் நலச் சங்கத்தின் மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று கடிதம் வந்தது. தலைப்பையும் அவர்களே தந்திருந்தார்கள்: இணையத் தேடலைக் கொண்டு ஒரு பானத்தின் வளர்ச்சியை அறிவது. இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கடைக்குப் போவதற்கு முன் திரையைத்தான் பார்க்கிறார்கள் என்று அறிகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கூட்டத்தில் எழும்பி நின்று பேசியவனும் இல்லை. ஆனாலும் இந்தத் தலைப்பில் சொல்ல என்னிடம் ஒரு விடயம் இருக்கிறது. அதை இதுவரை ஒருவரிடம் மட்டுந்தான் சொல்லியிருக்கிறேன்.

பதினாறு வயதில் சோடாக் கம்பனியின் மட்டக்களப்பு டிப்போவில் போத்தல் கழுவச் சேர்ந்தேன். பிறகு பெட்டி ஏற்றினேன். பிறகு பெட்டி கொண்டு போகும் வான் வண்டியில் உதவியாளன். கடைசியில் விற்பனையாளன். தன்னாமுனை, ஏறாவூர், செங்கலடி என்று வடக்குப் பாதை என்னுடையது. வாரத்தில் இரண்டு நாள் பாலத்தைத் தாண்டித் தெற்கே, காத்தான்குடி தொடங்கித் தேற்றாத்தீவு வரைக்கும் போவேன். முப்பத்தொன்பது வருடம் இவ்வளவுதான்.

எனக்குப் பேச்சு வராது. பேச்சு வராத விற்பனையாளனுக்குக் கண் இருக்க வேண்டும். வானை நிறுத்தும்போதே கடை வாசல் மண்ணைப் பார்ப்பேன். சோடா குடிப்பவர்கள் மூடியைக் கழற்றி அங்கேயே எறிவார்கள். எந்த நிற மூடி கூடக் கிடக்கிறது, எது மண்ணில் புதைந்து பழசாகிவிட்டது என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். பிறகு கூலரின் முன்வரிசை. கடைக்காரர் ஓடுகிற சாமானைத்தான் கைக்கு எட்ட வைப்பார். பிறகு தட்டில் நிற்கும் போத்தலின் தோளில் விரலை வைத்து இழுப்பேன். தூசி ஒட்டினால் அது இரண்டு கிழமையாக நிற்கிறது. கடைசியில், குடித்து முடித்த வெறும் போத்தல் எத்தனை என்று எண்ணுவேன். இந்த நாலையும் பார்த்த பிறகுதான் "எத்தனை பெட்டி?" என்று வாய் திறப்பேன். அநேகமாக அதுதான் அந்தக் கடையில் நான் பேசும் ஒரே வசனம்.

வினோதினி மிஸ் வவுனியாவிலிருந்து எங்கள் டிப்போவுக்குப் பொறுப்பாக வந்தார். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதுதான் இருக்கும். காலைக் கூட்டத்தில் நாங்கள் நிற்கும்வரை தானும் கதிரையில் இருக்க மாட்டார். யார் எதைச் சொன்னாலும் பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்: "கண்டதோ, கேட்டதோ?" கண்டது என்றால் எழுதி அடியில் கோடு போடுவார். கேட்டது என்றால் எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி வைத்ததை நம்பி அவர் ஒரு பெட்டிகூட இறக்கியதில்லை.

தெற்குப் பாதை ரஞ்சன் ஒரு நாள், "களுவாஞ்சிகுடியில மூணு கடை புதுசா எடுக்கப் போறாங்க மிஸ்" என்றான்.

"கண்டதோ, கேட்டதோ?"

"கனவில கண்டது மிஸ்."

எல்லோரும் சிரித்தோம். மிஸ் சிரிக்காமல் எழுதி, ஒன்றுக்கு இரண்டு புள்ளி வைத்தார்.

அந்தக் காலத்தில்தான் கம்பனி நன்னாரிச் சோடாவைக் கொண்டுவந்தது. கூடவே கம்பனிக்கு ஓர் இணையப் பக்கமும் வந்தது. கடைக்காரரும் நாங்களும் ஊர்ப் பெயரைக் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு அடுத்த நாள் ஏற்ற வேண்டிய சாமான் பட்டியல் அதில்தான் வரும். காலையும் மாலையும் திறந்து பார்க்க வேண்டும். வாசிக்கக் கஷ்டப்படும் கடைக்காரருக்காக அதில் குரல் வசதி வைத்திருந்தார்கள். பக்கத்தைத் திறந்ததும் ஒரு பெண் குரல், "வணக்கம். உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும். பானத்தின் பெயரைச் சொன்னால் அதன் படத்தைக் காட்டிவிட்டு, "வேறு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்கும்.

மற்றவர்கள் மூலையில் இருக்கும் பெருக்கல் அடையாளத்தை அமுக்கி அந்தக் குரலை மூடிவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருவர் வணக்கம் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்கிறார். பதில் சொல்லாமல் மூடுவதா? அது இயந்திரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முடியவில்லை. முதல் நாள் வாயில் வந்ததைச் சொன்னேன்: "நன்னாரிச் சோடா." பிறகு அதுவே பழகிவிட்டது.

நான் கலியாணம் முடிக்கவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழும்பி வந்தவன் நான். தன்னாமுனையில் வாவிப் பக்கமாக இருக்கும் வீட்டில் நானும் அக்காவும் இருந்தோம். அக்கா வாய் ஓயாமல் பேசுவார். நான் "ஓம்" சொல்வேன். அந்த "ஓம்" எங்கள் இருவருக்கும் போதுமாக இருந்தது. பிறகு அக்காவின் மகளுக்குப் பிள்ளை கிடைத்து, அக்கா திருகோணமலைக்குப் போனார். மூன்று மாதம் என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அதைக் குறை சொல்ல முடியாது.

அதன் பிறகு மாலையில் வீட்டுக்கு வந்து ஒரு சுண்டு அரிசி போட்டு, அது வேகும்வரை போனைத் திறந்து வைத்திருப்பேன். "வேறு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்கும். "நன்னாரிச் சோடா" என்பேன். மறுபடி கேட்கும். மறுபடி சொல்வேன். சோறு வடித்து, கறி சூடாக்கி, சாப்பிட்டுக் கை கழுவும்வரை அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

அதற்கு அடுத்த வருடம், டிப்போவை மூடப் போகிறார்கள் என்ற கதை வந்தது. விற்பனை குறைந்துவிட்டதாம், கிழக்கில் ஒரு டிப்போ போதுமாம். முதலில் அதைப் புள்ளி வைத்த செய்தியாகத்தான் எடுத்தோம். ஒரு காலை மிஸ் மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"கதை உண்மை. தலைமை அலுவலகக் கடிதத்தைக் கண்டனான். ஆனால் இதைப் பாருங்கோ. எங்கட பகுதியில ஆர் எதைத் தேடினாலும் இதில பதியும். பேர் தெரியாது. ஊரும் நேரமும் மட்டும் வரும். மற்ற எல்லாப் பானமும் படுத்துக் கிடக்கு. நன்னாரிச் சோடா மட்டும் மாதத்துக்கு மாதம் ஏறுது. எங்க ஏறுது தெரியுமோ? தன்னாமுனையில."

திரையில் ஒரு பச்சைக் கோடு, வரப்பில் ஏறும் பாம்பு போல எழும்பிப் போனது.

"தன்னாமுனையில நம்மட சோடா போடுற கடை ரெண்டுதானே மிஸ்" என்றான் ரஞ்சன். "பேய் குடிக்குதோ?"

"தேடுறவைக்குக் கடையில கிடைக்காமலும் இருக்கலாம். ஒரு சாமான் வளர்ற நேரம் முதல்ல தேடல்தான் வரும். விற்பனை பின்னாலதான் வரும்." மிஸ் என்னைப் பார்த்தார். "தவராசா அண்ணன், உங்கட பாதை. அங்க நன்னாரி ஓடுதோ?"

முதல் நாள்தான் அந்த இரண்டு கடையிலும் நன்னாரிப் போத்தலின் தோளில் விரல் வைத்திருந்தேன். விரல் சாம்பல் நிறமாக வந்தது. ஆனால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிஸ்ஸின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. டிப்போ கதை வந்த நாளிலிருந்து நான் அதைக் காணவில்லை.

"ஓம் மிஸ்" என்றேன்.

"கண்டதோ, கேட்டதோ?"

நான் குனிந்து நின்று மறுபடியும் "ஓம் மிஸ்" என்றேன். அவர் அதைக் கண்டதாக எடுத்துக்கொண்டு அடியில் கோடு போட்டார். என் வேலைக் காலத்தில் நான் செய்த பெரிய பிழை அதுதான்.

கூட்டம் முடிந்ததும் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளைத் தந்தார். தன்னாமுனையில் நன்னாரிச் சோடாவைத் தேடிய நேரங்கள் அதில் இருந்தன.

"வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்தில இருந்து ஆக்கள் வருகினம். இருநூறு பெட்டி நன்னாரி கேட்டிருக்கிறன். இந்தக் கோட்டை நம்பித்தான் டிப்போவை மூடாமல் வைக்கச் சொல்லப் போறன். கோடு மட்டும் காட்டினால் நம்ப மாட்டினம். தேடுற ஆக்களைக் கண்டுபிடிச்சு நாலு பேரின்ர பேரைக் கொண்டு வாங்கோ. உங்கட ஊர்தானே?"

"ஓம் மிஸ்."

டிப்போ மூடினால் அவருடைய பெயர்தான் கெடும் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் ஒன்று இருந்தது. என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடும் இடம் அந்த டிப்போ ஒன்றுதான்.

மூன்று நாளாக வேலை முடிந்து வந்து, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் சொந்த ஊரில் வீடு வீடாகப் போனேன். பிறந்த ஊர்தான். ஆனால் அந்தப் படலைகளில் பலவற்றை நான் அதற்கு முதல் திறந்ததில்லை. என்ன கேட்பது என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போவேன். நாய் குரைத்ததும் எல்லாம் மறந்துவிடும்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு கிழவர், "சோடாவோ? எனக்குச் சீனி வருத்தம் மனே, தேத்தண்ணியே வெறுந்தேத்தண்ணி" என்றார்.

ஒரு வீட்டில் ஆசிரியர் ஒருவர் நான் வாய் திறக்க முதலே அடையாள அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். வாக்காளர் பதிவுக்கு வந்தவன் என்று நினைத்திருக்கிறார்.

இன்னொரு வீட்டில் ஒரு பெண் கேட்டார்: "நீங்க எந்த ஊர்?"

"தன்னாமுனைதான்."

"அப்பிடியா? எத்தின வருசமா?"

"பிறந்த நாள் தொடக்கம்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு வந்தேன். அன்று வேறு வீட்டுக்குப் போகவில்லை.

புதன்கிழமை மாலை றோசம்மா அக்காவின் கடைக்குப் போனேன். என் வீட்டுக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். எங்கள் சோடா போடும் இரண்டு கடையில் ஒன்று அது. றோசம்மா அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"காலம ஆறு பத்து. ஆறு பத்து. ஆறு ஒன்பது. மறுகா பின்நேரம் ஆறே முக்கால், ஆறு அம்பது, ஏழு... என்ன மனே இது, வருத்தக்காரனுக்கு மருந்து குடுக்கிற நேரமா?"

"நன்னாரி தேடுற ஆக்கள் அக்கா. ஆரெண்டு தெரியணும்."

அக்கா தாளைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்தில ஆறு பத்துக்கு லைற் எரியிறது உன்ர வீட்டில மட்டுந்தான். ஞாயிற்றுக்கிழமை காலம எல்லாரும் கோயில்ல, நீ ஒருத்தன்தான் வீட்டில. ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இதில கூடப் போட்டிருக்கு, பாரு. நீதானே மனே பின்நேரத்தில போனை வச்சிக்கிட்டு நன்னாரி நன்னாரி எண்டு சொல்லிக்கிட்டு இருக்கிறாய்? வேலிக்கால எனக்குக் கேக்கும். கடைசியா ஒரு பொம்புளை கிடைச்சிட்டாள், பேர் நன்னாரி எண்டுதான் நான் நினைச்சன்."

தேடுவது என்றால் எழுத்தை அமுக்கித் தேடுவது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். கேட்டதற்குச் சொல்லும் பதிலும் எங்கோ ஓரிடத்தில் பதிகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடையின் தட்டில் நன்னாரிப் போத்தல்கள் வரிசையாக நின்றன. பழக்க தோஷத்தில் விரல் வைத்துப் பார்த்தேன்.

"துடைக்கிறதுக்கு நேரமில்ல" என்றார் அக்கா. பிறகு என் முகத்தைக் கண்டு குரலைத் தணித்தார். "இப்ப என்ன? நாலு பேர்தானே வேணும்? என்ர பேரைப் போடு. என்ர மருமகள்ட பேரைப் போடு. ஆர் வந்து பாக்கப் போறான்?"

அன்று போனைத் திறக்காமல் இருந்தேன். றோசம்மா அக்கா சொன்னது நடக்கக்கூடியதுதான். நாலு பெயரைக் கொடுத்தால் டிப்போ ஒரு பருவத்துக்கு மூடாமல் நிற்கும். ஆனால் இருநூறு பெட்டி வந்து இறங்கும். பெட்டி பொய் சொல்லாது. அது கடை கடையாகத் தூசி பிடித்து நிற்கும். அந்தத் தூசி வினோதினி மிஸ்ஸின் பெயரில்தான் படியும்.

வியாழன் பின்னேரம் எல்லோரும் போன பிறகு மிஸ்ஸின் அறை வாசலில் போய் நின்றேன்.

"கண்டுபிடிச்சீங்களோ அண்ணன்?"

"ஓம் மிஸ். ஒரு ஆள்தான்."

"ஒரு ஆளோ? இவ்வளவுமோ?" பென்சிலை எடுத்தார். "கண்டதோ, கேட்டதோ?"

"செய்தது மிஸ்" என்றேன். "நான்தான்."

பென்சில் அப்படியே நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே, குரல் வணக்கம் சொல்வதையும், பதில் சொல்லாமல் மூட மனம் வராததையும் சொன்னேன். இரண்டு கடையிலும் தூசி இருந்தும் ஓம் சொன்னதைச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. மிஸ் மடிக்கணினியைத் திறந்து அந்தப் பச்சைக் கோட்டைக் கொண்டுவந்தார். அது தரையை விட்டு எழும்பும் இடத்தில் விரலை வைத்தார்.

"முதல் கொஞ்ச மாதம் நாளைக்கு இரண்டு தரம்தான். இந்த இடத்தில இருந்துதான் கூடுது. இந்த மாதம் என்ன நடந்தது?"

மாதத்தின் பெயரை வாசித்தேன்.

"அக்கா திருகோணமலைக்குப் போன மாதம் மிஸ்."

அவர் பென்சிலை மேசையில் வைத்தார். பிறகு ஒரு கதிரையை என் பக்கம் தள்ளி, "இருங்கோ" என்றார். நான் இருந்ததும் தானும் இருந்தார்.

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. "நான் தொடர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கன் மிஸ். கோடு விழாது. டிப்போ நிக்கட்டும்" என்றேன்.

அன்றுதான் மிஸ் சிரித்துக் கண்டேன். "அண்ணன், சொல்லலாம். இருநூறு பெட்டியையும் குடிக்கேலுமோ?"

பிறகு அவர் தன்னாமுனையை அந்தக் கணக்கிலிருந்து கழித்தார். ஒரு பொத்தானை அமுக்கினார், அவ்வளவுதான். கோடு பொத்தென்று கீழே விழுந்தது. மிஞ்சியது ஒரு சின்ன மேடு மட்டும். நோன்பு மாதத்தில் காத்தான்குடியில். அதை நான் கண்டிருக்கிறேன். காத்தான்குடியில் ஹனிபா காக்காவின் கடை வாசலில் அந்த மாதம் முழுக்க நன்னாரி மூடி புதிது புதிதாகக் கிடந்தது. "நோம்பு திறக்க இதுதான் கேக்கிறாங்க தம்பி, இன்னும் ரெண்டு பெட்டி போடு" என்று அவரும் சொன்னார். திரையும் மண்ணும் ஒன்றையே சொன்ன இடம் அது ஒன்றுதான். மிஸ் அதை எழுதி அடியில் கோடு போட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தவர்களிடம் அவர் அந்தச் சின்ன மேட்டைத்தான் காட்டினார். நான் வெளியில் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றேன். கதவு திறந்திருந்தது.

"முதல்ல அனுப்பின கோடு வானத்துக்குப் போச்சே, அது எங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"அதில ஒரு பிழை இருந்தது. கழிச்சுப்போட்டன்."

"என்ன பிழை?"

"என்ர பிழை. ஒரு ஆளைப் பல பேரெண்டு நினைச்சிட்டன்."

என் பெயரை அவர் சொல்லவில்லை. இருநூறு பெட்டியும் வரவில்லை. நோன்புக்குக் காத்தான்குடிக்கு மட்டும் நன்னாரி அனுப்புவது என்று முடிவாகியது. அது இன்றைக்கும் நடக்கிறது என்று அறிகிறேன். டிப்போவை மூடுவது என்றும் அன்றே முடிவாகியது.

கடைசி நாள் வெறும் போத்தல்களை லொறியில் ஏற்றி அனுப்பினோம். ரஞ்சனை வேறு டிப்போவுக்கு மாற்றினார்கள். மிஸ்ஸைக் கொழும்புக்கு எடுத்தார்கள், அந்தத் தேடல் கணக்கைப் பார்க்கும் பிரிவுக்கே. எனக்கு முழங்கால் வலி. முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டேன். போகும்போது மிஸ் கைகூப்பி, "சுகமா இருங்கோ தவராசா அண்ணன்" என்றார். நான் "ஓம் மிஸ்" என்றேன். வேறு சில சொல்ல நினைத்து வைத்திருந்தேன்.

ஓய்வு பெற்றவனுக்குப் பட்டியல் பார்க்கும் வேலை இல்லை. பக்கத்தைத் திறக்கவும் காரணம் இல்லை. என்னால் ஒரு டிப்போவுக்குப் பொய் நம்பிக்கை வந்ததே என்ற வெட்கமும் இருந்தது. போனை அலுமாரித் தட்டில் வைத்துவிட்டேன். சோறு வேகும் சத்தமும், வேலிக்கு அப்பால் றோசம்மா அக்கா யாருக்கோ மிச்சக் காசு எண்ணும் சத்தமும் கேட்கும். சில நாள் மாலைவரை என் குரலை நான் கேட்டிருக்க மாட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. தெரியாத இலக்கம்.

"தவராசா அண்ணனோ? வினோதினி."

"ஓம் மிஸ்."

"தன்னாமுனையில கோடு நிலத்தோட படுத்திருக்கு. ரெண்டு மாதமா ஒரு அசைவும் இல்லை. அதுதான் எடுத்தனான். சுகமா இருக்கிறியளோ?"

நான் எங்கள் வீட்டுப் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் மிஸ். சுகம்."

"இது கேட்டது. புள்ளிதான் வைக்கலாம்" என்றார். "வெள்ளிக்கிழமையில அந்தப் பக்கத்தை ஒருக்காத் திறந்து சொல்லுங்கோ. நான் அதைக் கழிச்சுப்போட்டுத்தான் கணக்கு எடுப்பன். கழிக்கிறதுக்கு முதல் ஒருக்காப் பாப்பன்."

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மாலை உலை வைத்ததும் போனை எடுக்கிறேன். வணக்கம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும். நன்னாரிச் சோடா என்கிறேன். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்கும்போது இப்போது மூடப் பழகிவிட்டேன்.

இந்த மலரை வாசிக்கும் பிள்ளைகளுக்கு, கட்டுரைக்குத் தந்த தலைப்பில் நான் சொல்லக்கூடியது இதுதான். வினோதினி மிஸ்ஸும் ஒரு நாள் வேறு பிரிவுக்கு மாறிப் போவார். அப்போது உங்களில் யாராவது அந்தத் திரையின் முன்னால் இருப்பீர்கள். கிழமைக்கு ஒரு தரம், வெள்ளிக்கிழமை மாலையில், தன்னாமுனையிலிருந்து ஒரே ஒரு தேடல் வரும். அதை நம்பிப் பெட்டி அனுப்ப வேண்டாம். கழித்துவிடுங்கள். ஆனால் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை அது வராவிட்டால், றோசம்மா அக்காவின் கடைக்கு ஒரு தரம் போன் எடுத்துக் கேளுங்கள். அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்லுவார்.